சித்தம் கேட்டு நடந்த வீடுகள்

அன்றாடக் காரியங்களில் கர்த்தருடைய சித்தத்தைக் கேட்டு நடப்பது என்பது தென் திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளில் கோயிலோடு முடிந்துபோன உபதேசமாக இருந்ததில்லை. தண்ணீர் இறைப்பதையும் விறகு பிளப்பதையும் போல அதுவும் தினசரி வேலைகளில் ஒன்றாக இருந்தது. 1960களிலும் 70களிலும் சாயர்புரம், நாசரேத், மெஞ்ஞானபுரம் வட்டாரங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த வேலை எப்படி நடந்தது என்பது நன்றாக நினைவிருக்கும். இரவு அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பாய் விரிப்பார்கள். ஒரு கீர்த்தனை பாடி, வேதத்தில் ஓர் அதிகாரத்தை ஆளுக்கு ஒரு வசனமாக வாசிப்பார்கள். பிறகு வீட்டுப் பெரியவர் முழங்கால்படியிட்டு ஜெபிப்பார். அந்த ஜெபத்தில் உலக சமாதானமும் சபையின் ஐக்கியமும் மட்டும் வருவதில்லை. கிணற்றுக்கு மோட்டார் வைக்கலாமா, பனைவிளையை இந்த வருஷம் யாருக்குக் குத்தகைக்கு விடுவது, பெரியவனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, மூத்தவளுக்கு வந்திருக்கும் சம்பந்தம் என்று எல்லாம் பெயர் சொல்லியே வைக்கப்படும். தங்களைப் பற்றிய ஒரு முடிவு ஜெபத்தில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் பல நேரம் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டறிந்தார்கள்.

இந்த வழக்கத்துக்கு வேதத்தில் ஆதாரம் காட்ட அவர்கள் தேடி அலைய வேண்டியிருந்ததில்லை. தன் புத்தியின்மேல் சாயாமல் கர்த்தரை நம்பச் சொல்லும் நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரம், நடக்கவேண்டிய வழியைத் தேவனே போதிப்பதாகக் கூறும் 32ஆம் சங்கீதம், நாளைக்கு வியாபாரம் செய்வோம் என்று பேசுகிறவர்களை எச்சரிக்கும் யாக்கோபின் நிருபம் ஆகிய மூன்றும் பெரும்பாலான வீடுகளில் மனப்பாடம். யாக்கோபின் எச்சரிக்கை கடிதங்களிலும் புகுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதும் சாதாரண அஞ்சலட்டையில்கூட 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்ற இரண்டு சொற்களை யாரும் விடமாட்டார்கள்.

கேட்பது எளிது, பதிலை எப்படி அறிவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு முறை மாறியது. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கும் இருந்தது. அந்த அட்டையில் வந்த வசனம் ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரில் இருக்கும். முடிவு எடுக்கும் நேரத்தில் அதைப் பார்ப்பார்கள். சிலர் கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். சிலர் கிதியோன் ஆட்டுத்தோலை விரித்து அடையாளம் கேட்டதுபோல, இன்ன நாளுக்குள் இன்னது நடந்தால் அதுவே சித்தம் என்று நிபந்தனை வைத்தார்கள். சீட்டு எழுதிக் குலுக்கியவர்களும் உண்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்போஸ்தலர் சீட்டுப் போட்டே தெரிந்துகொண்டார்கள் என்பது அவர்கள் காட்டிய நியாயம். அதற்குப் பிறகு, பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவி இறங்கியபின், அப்போஸ்தலர் நடபடிகளில் ஓரிடத்திலும் சீட்டுப் போடப்படவில்லை என்பதைச் சில ஐயர்மார் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்வதுண்டு.

சீட்டுக்கு ஐரோப்பியத் திருச்சபையிலும் நீண்ட வரலாறு இருந்தது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் குடியேறிய மொராவிய சகோதரர்கள் 1728 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேத வசனத்தைக் கொடுத்தார்கள். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகி வருகிறது. அவர்களே ஊழியர் நியமனத்துக்கும் திருமணத்துக்கும் சீட்டுப் போட்டார்கள். 1818இல்தான் சபையாரின் திருமணத்துக்குச் சீட்டு கட்டாயம் என்ற விதியைத் தளர்த்தினார்கள். இந்தச் சகோதரர்களில் ஒரு கூட்டம் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து அங்கே ஒரு தோட்டத்தில் நெடுங்காலம் வாழ்ந்தது. அதற்கு முன்பே, மொராவியரோடு நெருங்கிப் பழகிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியும் 1737 மார்ச்சில், அமெரிக்காவின் சவானாவில், தாம் விரும்பிய பெண்ணை மணப்பதா என்று மூன்று சீட்டு எழுதிப் போட்டார். இனி அதை நினைக்கவே வேண்டாம் என்ற சீட்டு வந்தது. அவர் அதற்குக் கீழ்ப்படிந்தார்; ஆனால் அந்த விவகாரம் அவருக்கு அங்கே பெரிய மனக்கசப்பிலும் வழக்கிலும் போய் முடிந்தது.

பக்தியில் குறைந்தவர்கள் யாரும் இப்படிச் செய்யவில்லை. தங்கள் ஆசை குறுக்கே வந்து முடிவைக் கெடுத்துவிடக் கூடாது என்ற பயமே அவர்களைச் சீட்டின் பக்கம் தள்ளியது. அந்தப் பயம் மதிக்கத் தக்கது. ஆனால் சீட்டு ஆசையை அடக்குவதில்லை, அதைத் தாண்டிப் போய்விடுகிறது. மனம் இருந்த இடத்திலேயே இருக்கும். முடிவு மட்டும் வந்துவிடும். இதைத் தம் வாழ்க்கையிலேயே கண்டு எழுதிவைத்தவர் ஜார்ஜ் முல்லர்.

முல்லர் 1805இல் பிரஷ்யாவில் பிறந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தபோது, 1825இல், ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் மனந்திரும்பினார். தமிழ் நாட்டுக்கு 1706இல் சீகன்பால்கு வந்ததும் ஹாலே பக்தி இயக்கத்தின் வழியாகத்தான். அந்த இயக்கத்தை நடத்திய ஃபிராங்கே அங்கே நிறுவிய அனாதை இல்லக் கட்டடங்களில் ஏழை மாணவர்களுக்குத் தரப்படும் அறையில் முல்லர் சில காலம் தங்கியுமிருந்தார். மிஷனரியாகப் போகலாமா என்ற கேள்வி அவரை அலைக்கழித்தது. அரசு லாட்டரியில் ஒரு சீட்டு வாங்கி, பரிசு விழுந்தால் போவது கர்த்தரின் சித்தம் என்று எடுத்துக்கொண்டார். சிறு தொகை விழுந்தது. உடனே பெர்லினில் இருந்த மிஷன் சங்கத்துக்கு விண்ணப்பித்தார். தகப்பனாரின் சம்மதம் இல்லாததால் அவர்கள் ஏற்கவில்லை. பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதும்போது, இப்படிச் சீட்டால் வழி தேடியது அறியாமை என்று அவரே சொன்னார். ஜெபத்தோடு பொறுமையாகக் காத்திருந்து அறியவேண்டிய ஒன்றை ஒரே நாளில் தெரிந்துகொள்ள விரும்பியதே தவறு என்பது அவர் கண்ட தெளிவு.

அவர் 1829இல் இங்கிலாந்துக்குப் போனார். அடுத்த ஆண்டே டெய்ன்மத் சபையில் தமக்கிருந்த நிரந்தரச் சம்பளத்தை வேண்டாம் என்று விட்டார். 1832இல் பிரிஸ்டலுக்கு வந்தார். 1836 ஏப்ரலில் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைத் திறந்தார். பணம் வேண்டும் என்று எந்த மனிதரிடமும் கேட்பதில்லை, தேவையைத் தேவனிடம் மட்டும் சொல்வது என்பதே அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. வீடுகள் நான்காயின. 1898இல் அவர் இறப்பதற்குள் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்களில் 2,050 பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. இந்தப் பெரிய எண்ணிக்கைகளையே சாட்சிக் கூட்டங்களில் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். தினசரி முடிவுகளில் வழிநடத்தலைத் தேடுகிறவருக்கு அதைவிட உதவுவது 1845இல் வந்த ஒரு கடிதம்.

அந்த அக்டோபரில் வில்சன் தெருவில் குடியிருந்த ஒருவர், பிள்ளைகள் இல்லங்களால் அக்கம்பக்கத்தாருக்குச் சிரமமாக இருப்பதாக மரியாதையாக எழுதியிருந்தார். முல்லர் அதை எதிரியின் தாக்குதலாக எடுத்துக்கொள்ளவில்லை. தம் வீட்டுக்குப் பக்கத்தில் இவ்வளவு சத்தம் இருந்தால் தமக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்துக் காரணங்களை எழுதினார். விளையாட இடம் போதாது, தண்ணீர் தட்டுப்பாடு, கழிவுநீர்ப் போக்கு சரியில்லை, நோயுற்ற பிள்ளைகளுக்குத் தனி அறை இல்லை, பையன்கள் வேலை பழகத் தோட்டம் இல்லை, துணி வெளுக்க வசதி இல்லை. இவையெல்லாம் இடம் மாற வேண்டும் என்பதற்கான காரணங்கள். அங்கேயே இருப்பதற்கான காரணங்களையும் எழுதினார். இதுவரை தேவன் இந்த இடத்தைத்தானே காட்டினார் என்பது அவற்றில் ஒன்று. அதன் பிறகு மனைவியோடும் சபையின் உடன் ஊழியரோடும் பேசினார். நாள் தவறாமல் ஜெபித்தார். தண்ணீரையும் கழிவுநீரையும் ஜெபத்தின் பகுதியாகவே அவர் நடத்தினார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆவிக்குரிய காரியம் ஒருபுறம், நடைமுறைக் காரியம் மறுபுறம் என்று அவர் பிரிக்கவே இல்லை.

கட்டுவது என்று முடிவானது. டிசம்பரில் ஒருவர் 1,000 பவுண்ட் தந்தார். கிறிஸ்தவக் கட்டடக் கலைஞர் ஒருவர் வரைபடத்தைச் சும்மாவே போட்டுத் தர முன்வந்தார். நிலம் மட்டும் கிடைக்கவில்லை. 1846 பிப்ரவரி தொடக்கத்தில் ஆஷ்லி டவுனில் தோதான நிலம் இருப்பதாகத் தெரிந்தது. முல்லர் மாலையில் உரிமையாளரின் வீட்டுக்குப் போனார், ஆள் இல்லை. தொழில் நடத்தும் இடத்துக்குப் போனார், அங்கும் இல்லை. இன்னும் சிறிது நேரம் கழித்து வீட்டுக்குப் போனால் பார்த்துவிடலாம் என்று சொன்னார்கள். இரண்டு இடத்திலும் ஆள் இல்லாமல் போனதில் தேவனுடைய கை இருக்கலாம், அவசரப்படக் கூடாது என்று எண்ணி முல்லர் திரும்பிவிட்டார். மறுநாள் காலையில் போனபோது உரிமையாளர், விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துவிட்டதாகவும் ஐந்து மணி வரை இந்த நிலத்தின் நினைவாகவே தூக்கம் வரவில்லை என்றும் சொன்னார். ஏக்கருக்கு 200 பவுண்ட் கேட்க இருந்தவர் 120 பவுண்டுக்குத் தர முடிவு செய்திருந்தார். ஏறக்குறைய ஏழு ஏக்கர் அன்றே பேசி முடிந்தது. 1849 ஜூனில் பிள்ளைகள் அங்கே குடிபுகுந்தார்கள்.

நிலத்தின் விலை குறைந்ததை அற்புதம் என்று பலர் சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் மாலை அவர் திரும்பி நடந்த அந்த நேரம்தான் இந்த வரலாற்றில் அதிகம் கற்றுத் தருவது. வாங்க வேண்டும் என்ற ஆவல் இருந்தது, பணமும் ஓரளவு இருந்தது, ஆள் எங்கே இருப்பார் என்றும் தெரிந்தது. இருந்தும் ஓர் இரவு காத்திருக்க அவருக்கு முடிந்தது. பல ஆண்டு தினப்பழக்கம் இல்லாமல் ஒரே மாலையில் அப்படி ஒரு பொறுமை யாருக்கும் வந்துவிடாது. 1841 முதல் அவர் காலையில் எழுந்ததும் ஜெபத்துக்கு முன் வேதத்தை வாசித்துத் தியானித்தார். வாசிப்பிலிருந்து ஜெபம் தானாகப் பிறக்கும்படி விட்டார். வேதத்தை அங்கங்கே திறக்காமல் வரிசையாக வாசிப்பதே அவர் வழக்கம். வாழ்நாளில் நூறு முறைக்கு மேல் அப்படி முழுவதும் வாசித்தவர் அவர். சித்தம் அறிவதைப் பற்றிப் பிறர் கேட்டபோது அவர் சொன்ன முறையும் இந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான். முதலில் அந்தக் காரியத்தில் தனக்கென்று ஒரு விருப்பம் இல்லாத நிலைக்கு மனதைக் கொண்டுவர வேண்டும். பத்தில் ஒன்பது பங்குத் தொல்லை இதிலேயே இருக்கிறது. உணர்ச்சியை நம்பி விட்டுவிடக் கூடாது. ஆவியானவரின் நடத்துதலை வேத வார்த்தையோடு சேர்த்தே தேட வேண்டும். சூழ்நிலைகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஜெபித்து, நிதானமாக யோசித்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். மீண்டும் சிலமுறை ஜெபித்தபின்னும் மனம் அமைதியாக இருந்தால் அதன்படி செய்யலாம்.

இந்தப் போதனை தமிழ் நாட்டுக்குப் புத்தகமாக வருமுன் உறவாக வந்தது. முல்லர் 1830இல் மணந்த மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் எக்ஸிட்டரில் பல் மருத்துவராக இருந்தவர். நல்ல வருமானத்தை விட்டுவிட்டு 1829இல் பாக்தாத்துக்கு மிஷனரியாகப் போனார். 1833இல் இந்தியாவுக்கு வந்தார். மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற திருநெல்வேலி இளைஞர் குரோவ்ஸோடு சேர்ந்தார். நிரந்தரச் சம்பளம் இல்லாமல் தேவனை நம்பியே ஊழியம் செய்வதை அவர் தேர்ந்துகொண்டார். 1840இல் அவர் நிறுவிய கிறிஸ்டியான்பேட்டையில்தான் 1860ஆம் ஆண்டின் எழுப்புதல் தொடங்கியது. மிஷன் சம்பளமே தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்த காலத்தில் ஒரு தமிழர் எடுத்த இந்த முடிவு முல்லரின் முடிவைவிடக் கடினமானது என்றே சொல்ல வேண்டும். முல்லருக்குப் பின்னால் பிரிஸ்டலில் வசதியுள்ள ஒரு சபையாவது இருந்தது.

டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் பணத்துக்காக மனிதரிடம் கேட்காத இதே வழியில் நடந்தார். அவருடைய கடினமான முடிவு பணத்தைப் பற்றியதல்ல. கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லவே அவர் வந்திருந்தார். 1901 மார்ச்சில் இந்துக் கோயில் பெண்களிடமிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். 1904 முதல் கைக்குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள். குழந்தைகளைக் குளிப்பாட்டிப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பிரயாண ஊழியம் நின்றுபோகும். சுவிசேஷகி ஒருத்தி ஆயா வேலை பார்ப்பதா என்ற கேள்வி அவருக்குள்ளும் வெளியிலும் எழுந்தது. இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீஷரின் கால்களைக் கழுவிய யோவான் பதின்மூன்றாம் அதிகாரமே அதற்கு அவர் பெற்ற பதில். வானத்திலிருந்து தனிக் குரல் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. கதவருகே குழந்தை, கையில் வேதம், இரண்டும் ஒன்றையே சொல்லின.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையில் கேள்வி வேறு விதமாக வந்தது. 1902இல் யாழ்ப்பாணம் போன அவர், அங்கிருந்த தமிழ் மாணவர்கள் தாங்களே பணம் சேர்த்து ஊழியரை அனுப்பியதைக் கண்டு, திருநெல்வேலிச் சபை ஏன் இதைச் செய்யவில்லை என்று கலங்கினார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. சோறு வடிக்கும் ஒவ்வொரு வேளையும் பெண்கள் கலயத்தில் போட்டு வைத்த கைப்பிடி அரிசியும் அதைத் தாங்கியது. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் போக வேண்டும் என்று இளைஞர்களை அழைத்துக்கொண்டே இருந்தவரிடம், நீ ஏன் போகக் கூடாது என்ற கேள்வி திரும்பி வந்தது. 1909இல் குருப்பட்டம் பெற்று அவரே போனார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இப்பெயர்களெல்லாம் அந்த வட்டாரத்து வீடுகளில் குடும்பப் பெயர்களைப் போல் புழங்கியவை. மெஞ்ஞானபுரம் பக்கம் தேரி ஓரக் கிராமம் ஒன்றில் வாழ்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் முல்லரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு, அவரைப் போலவே காரணங்களை எழுதிவைக்கத் தொடங்கினார். கோடு போட்ட ஒரு பழைய கணக்கு நோட்டு. நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் செய்யலாம் என்பதற்கான காரணங்கள், வலப்பக்கம் வேண்டாம் என்பதற்கானவை. குடும்ப ஜெபத்தின்போது அந்த நோட்டு வேதத்தின் அடியில் இருக்கும். பிள்ளைகள் பெரியவர்களானபின் அவர்களுக்கும் அதை வாசித்துக் காட்டினார்.

தூரத்து ஊர் ஒன்றின் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போகும்படி அவருக்கு உத்தரவு வரவிருந்தது. விருப்பம் இல்லையென்றால் முன்கூட்டியே எழுதிக்கொடுக்கலாம். நோட்டின் வலப்பக்கம் நிரம்பி வழிந்தது. படுத்த படுக்கையாக இருந்த தாயார், ஊரில் அவர் நடத்திவந்த ஞாயிறு பள்ளி, விளைச்சல் நேரத்து மேற்பார்வை. எல்லாமே நல்ல காரணங்கள். ஜெபம் முடிந்ததும் அவருடைய மனைவி, "அத்தைக்கு மருந்து கொடுக்க நான் இருக்கேன். சண்டே ஸ்கூலுக்குத் தம்பி இருக்காரு. ஒங்களுக்குப் போக மனசில்ல, அதச் சொல்லுங்க ஜெபத்துல" என்றார். அன்றிரவு ஆசிரியர் பேசவில்லை. மறுநாள் ஜெபத்தில் அதையே சொன்னார். பிறகு ஐயரிடமும் தம் அண்ணனிடமும் கலந்துகொண்டு போவதென்று முடிவு செய்தார். முல்லர் குறிப்பிட்ட அந்த ஒன்பது பங்குத் தொல்லை எத்தனை பக்தியுள்ள காரணங்களின் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பதை அந்த வீட்டார் அன்று பார்த்தார்கள். தனியாக ஜெபிக்கிறவருக்கு அது தெரியாமலே போகலாம். அப்போஸ்தலர் நடபடிகள் பதினைந்தாம் அதிகாரத்தில் எருசலேம் சபை ஒரு சிக்கலைத் தீர்த்தபோது பரிசுத்த ஆவிக்கும் தங்களுக்கும் நலமாகக் கண்டது என்று சேர்ந்து எழுதியதும் இதனால்தான் முக்கியம். கூட இருப்பவர்களின் வாய் வழியாகவும் தேவன் பேசுகிறார். அந்த வீட்டில் அது பெரும்பாலும் அடுப்படியிலிருந்து வந்தது.

எல்லா ஜெபமும் திறந்த கதவில் முடியவில்லை. மூத்த மகன் மருத்துவம் படிக்க வேண்டும் என்று வீடே ஜெபித்தது. நோட்டில் இடப்பக்கம் மட்டும்தான் எழுத இருந்தது. ஆண்டு அட்டையின் வாக்குத்தத்தமும் பொருத்தமாகத் தோன்றியது. இடம் கிடைக்கவில்லை. தகப்பனார் காரணம் எதையும் கற்பித்துச் சொல்லவில்லை. இதைவிட மேலானது வரும் என்றும் ஆறுதல் கூறவில்லை. அந்தப் பக்கத்தில் தேதியைப் போட்டு, கிடைக்கவில்லை என்று எழுதி மூடினார். மகன் விலங்கியல் படித்துக் கல்லூரி ஆசிரியரானார். ஏன் அப்படி ஆனது என்று அந்த வீட்டில் யாருக்கும் கடைசிவரை தெரியவில்லை. பவுலும் ஆசியாவில் பிரசங்கிக்கத் தடுக்கப்பட்டார், பித்தினியாவுக்குப் போகவும் விடப்படவில்லை, காரணம் எழுதப்படவில்லை. மக்கெதோனியா தரிசனம் வந்தது பிறகுதான். அடைத்த கதவுக்கு விளக்கம் கேட்காமல் அடுத்த நாள் வேலைக்குப் போவதும் நம்பிக்கையின் ஒரு பகுதிதான். சாட்சிக் கூட்டங்களில் இந்தப் பகுதிக்கு இடம் கிடைப்பதில்லை என்பது பெரிய குறை. வெற்றியில் முடிந்த ஜெபங்களை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, முதல் ஏமாற்றத்தில் தன் விசுவாசத்தையே சந்தேகிக்கிறது.

திருமணத்தில்தான் இந்த வழக்கம் மிகவும் சோதிக்கப்பட்டது. மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. படித்த மாப்பிள்ளை, நல்ல குடும்பம். மாப்பிள்ளை வீட்டார், கர்த்தர் தங்களுக்கு உறுதியாகச் சொல்லிவிட்டார் என்றார்கள். அடுத்த பேச்சில் எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம் என்று வந்தது. ஆசிரியர், "எங்களுக்கும் சொல்லட்டும், காத்திருப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பிறகு மகளைத் தனியே உட்கார வைத்துக் கேட்டார். அவளுக்கு விருப்பமில்லை. நோட்டில் வேறு எதுவும் எழுதப்படாமல் அந்தக் காரியம் அதோடு முடிந்தது. ஊரில் சிலர் அவரைக் கர்த்தரின் சித்தத்தைத் தள்ளியவர் என்று பேசினார்கள்.

பெண்ணையும் பிள்ளையையும் ஜெபத்தில் வைத்துவிட்டு, பவுனையும் ரொக்கத்தையும் ஜெபத்துக்கு வெளியே வைப்பது தென் தமிழகக் கிறிஸ்தவ சமுதாயத்தில் இன்றும் பரவலாக நடக்கிறது. அழைப்பிதழில் வசனம் இருக்கும். பேரம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். கர்த்தர் தமக்குச் சொன்னதாக ஒருவர் அறிவித்ததும் மற்றவர் வாயடைத்துப் போக வேண்டிய நிலை அதைவிட மோசமானது. அந்த வாக்கியத்துக்கு எதிர்ப்பேச்சு கிடையாது என்று நினைப்பதால்தான் அதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். தீர்க்கதரிசனம் சொல்லப்பட்டால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியிருக்கிறார். நிதானிக்கும் உரிமை முதலில் யாருடைய வாழ்க்கை முடிவு செய்யப்படுகிறதோ அவருக்கே உண்டு. ஒரு பெண்ணின் திருமணத்தில் கர்த்தருடைய சித்தம் என்ன என்பதை அவளிடம் கேட்காமல் அறிவிப்பது வழிநடத்தல் ஆகாது; அது கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்குவது.

கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை திருமண ஓலை வாசிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று சபையாரிடம் அப்போது கேட்கப்படுகிறது. முதல் ஓலையை வாசிப்பதற்கு முன் சபைக் குருவானவர்கள் பெண்ணையும் பிள்ளையையும் தனித்தனியே, பெற்றோர் அருகில் இல்லாமல் சந்திக்க வேண்டும். இந்தச் சம்பந்தத்தில் உனக்கு மனச் சமாதானம் இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். கைமாறும் தொகை எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். இல்லை என்று அந்தப் பெண் சொன்னால், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்பதற்காக யாரும் அந்த ஓலையை வாசிக்க வேண்டாம்.